மும்மணியும் மருந்தும்: இதயம் காக்கும் நெறி

 

முல்லைப் பெரியாற்றின் கரையில் அமைந்த வீரபாண்டி, கௌமாரியம்மன் கோயிலாலும் சித்திரைப் பெருவிழாவாலும் தமிழகமெங்கும் அறியப்பட்ட ஊர். சமணர்க்கு இந்த ஆற்றங்கரை மற்றொரு வகையிலும் உறவுடையது. ஆற்றின் போக்கிற்கு எதிராகத் தென்மேற்கே சென்றால் உத்தமபாளையம் வரும். அங்கே திருக்குணகிரி என வழங்கும் குன்றின் பாறை முகத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் புடைப்புச் சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. உடன் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. பாண்டிய நாட்டுக் குன்றுகள் பலவற்றில் திருமேனிகள் செய்வித்த அச்சணந்தி முனிவரின் பெயர் இங்கும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்பள்ளத்தாக்கில் அறவோர் தங்கியிருந்தனர் என்பதற்கு அப்பாறையே சான்று.

அறவோர் போற்றிய தானங்கள் நான்கு: உணவு, அபயம், மருந்து, சாத்திரம். இல்லறத்தார் செய்யத்தக்க தலையாய அறங்களுள் மருந்துக்கும் ஓர் இடம் அளிக்கப்பட்டது. ஏலாதி, சிறுபஞ்சமூலம் ஆகிய அறநூல்களை இயற்றிய சமணப் புலவர்கள் தம் நூல்களுக்கு மருந்துகளின் பெயரையே இட்டனர். ஆகவே, அறம் பேசும் அவையில் இதயநோயையும் மாத்திரையையும் பற்றிப் பேசுவது பொருந்தாச் செயல் அன்று.

புலால் உண்ணாதவர்க்கு இதயநோய் வருமா?

சமண இல்லங்களில் பலமுறை கேட்கப்படும் வினா இது. "பிறந்தது முதல் புலால் தொட்டதில்லை, மது அறியாதவர், புகை அறியாதவர், இவருக்கு எப்படி மாரடைப்பு வந்தது?" என்று உறவினர் திகைத்து நிற்கின்றனர். திகைப்பு இயல்பானதே. ஆனால் அதன் அடியில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. கொல்லாமை உயிர்களைக் காக்கும் அறம். அது இரத்தக் குழாய்க்கு இடப்பட்ட கவசம் அன்று.

கேரளத்தில் பிறந்த மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடைபெற்ற இன்டர்ஹார்ட் என்னும் பேராய்வின் முடிவுகள் 2004-இல் வெளிவந்தன. மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் ஒன்பது கூறுகளால் விளக்கப்படும் என்று அது காட்டியது. புகையிலை, இரத்தக் கொழுப்பின் சீர்கேடு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனஅழுத்தம், காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை ஆகியன அவற்றுள் எட்டு. மதுப்பழக்கம் பற்றியது ஒன்பதாவது. புலால் உண்ணல் என்பது அப்பட்டியலில் தனிக் கூறாக இல்லை. புகையையும் மதுவையும் நீக்கிய சமண இல்லறத்தார்க்கும் எஞ்சிய ஏழு கூறுகளும் வரக்கூடியவையே. அதே ஆய்வின் தரவுகளைக் கொண்டு பின்னர் நடந்த ஒப்பீட்டில், தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டினரைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாகவே வருவதும் தெரியவந்தது.

சைவ உணவு என்று பெயர் இருந்தாலும், தீட்டிய வெள்ளரிசிச் சோறு மூன்று வேளை, அதன்மேல் நெய், உடன் அப்பளம், ஊறுகாய், மாலையில் எண்ணெயில் பொரித்த பலகாரம், விழா நாளில் இனிப்பு என்று அமைந்தால், அது இரத்தக் குழாய்க்கு நலம் செய்யும் உணவு ஆகாது. உணவில் புலால் இல்லாமை ஒன்று. உணவு இதயத்திற்கு ஏற்றதாக இருத்தல் மற்றொன்று.

பூஜ்யபாதர் காட்டிய நோயாளி

தத்துவார்த்த சூத்திரத்திற்குப் பூஜ்யபாதர் எழுதிய சர்வார்த்தசித்தி என்னும் உரையின் தொடக்கத்திலேயே ஒரு நோயாளி வருகிறார். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தே வீடுபேற்றுக்கு வழி. தனித்தனியாக நின்றால் வழி ஆகா. இதனை விளக்க ஆசிரியர் காட்டிய உவமை மருந்தே. பிணியுற்றவர் மருந்தை நம்புவதால் மட்டும் பிணி தீராது. அதைப் பற்றி அறிவதால் மட்டும் தீராது. நம்பிக்கையும் அறிவும் இன்றி எதையோ விழுங்குவதாலும் தீராது. மூன்றும் கூடினால்தான் நோய் நீங்கும்.

பல நூற்றாண்டுகளுக்கு முன் கூறப்பட்ட இவ்வுவமை இதயநோய்க்கு அப்படியே பொருந்துகிறது. இந்நோயில் பெரும்பாலோர் தவறுவது மூன்றில் ஒன்றை மட்டும் பற்றிக்கொள்வதால்தான். ஒருவர் நடைப்பயிற்சி செய்கிறார், மாத்திரையை விட்டுவிடுகிறார். மற்றொருவர் மாத்திரை உண்கிறார். அதனால் உப்பையும் எண்ணெயையும் குறைக்கத் தேவையில்லை என்று கருதுகிறார். வேறொருவர் எல்லாம் அறிவார், எதையும் செய்யார்.

நற்காட்சி: உள்ளதை உள்ளபடி காணல்

உயர் இரத்த அழுத்தம் வலிப்பதில்லை. கொழுப்பு மிகுவதும் வலிப்பதில்லை. உடலில் துன்பம் தோன்றாமையால் நோய் இல்லை என்று எண்ணுவது பொய்க்காட்சி. முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்; பெற்றோர்க்கு இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் கொழுப்பின் அளவையும் முன்னதாகவே பார்க்க வேண்டும். இதற்குப் பெருநகரம் செல்ல வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ் சிற்றூர்களிலும் வீட்டு வாயிலிலேயே இவை பரிசோதிக்கப்பட்டு மருந்தும் வழங்கப்படுகிறது. வாயிலுக்கு வரும் பணியாளரிடம் "எங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று கூறி அனுப்பிவிடுதல் கூடாது.

பெண்களுக்கு இது இன்னும் அவசியம். வீட்டில் அனைவருக்கும் உணவிட்டு, பூசை முடித்து, தம் உடலை இறுதியாகக் கவனிக்கும் வழக்கம் தாய்மார்க்கு உண்டு. மாதவிடாய் நின்ற பின்னர் பெண்களின் இதயநோய் வாய்ப்பு உயர்கிறது. அவர்களுக்கு நெஞ்சுவலியைவிட மூச்சுத்திணறல், அளவிறந்த சோர்வு, குமட்டல், முதுகிலும் தாடையிலும் வலி என்று நோய் வேறு வடிவில் தோன்றுவதும் உண்டு. பொன்னூர் மலைப்படிகளில் சென்ற ஆண்டு தடையின்றி ஏறியவர் இவ்வாண்டு பாதியில் அமர்ந்துவிட்டால், "வயதாகிவிட்டது" என்று விடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நல்ஞானம்: தன் எண்களை அறிதல்

பிறந்த நட்சத்திரத்தை அறிந்திருப்பது போல ஒவ்வொருவரும் தம் உடலின் சில எண்களை அறிந்திருக்க வேண்டும். மருத்துவமனையில் மீண்டும் மீண்டும் அளந்தபோது இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் அழுத்தம். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 126-ஐ எட்டினால் நீரிழிவு. இந்தியர்க்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. தாண்டுவது எச்சரிக்கை. எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு, ஒருமுறை மாரடைப்பு வந்தவர்க்கு 70-க்குக் கீழே, பலருக்கு அதனினும் குறைவாக, இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் விரும்புகின்றனர். இரத்தப் பரிசோதனைத் தாளில் பொதுவாக அச்சிடப்படும் அளவு, நோய் வராதவர்க்கு உரியது. "தாளில் இயல்பு என்றுதானே உள்ளது" என்று கூறி மாத்திரையை நிறுத்துவோர் இவ்வேறுபாட்டை அறிய வேண்டும். அன்றியும், மாத்திரை உண்பதால்தான் அந்த எண் இயல்பாக இருக்கிறது. நிறுத்தினால் மீண்டும் ஏறும்.

நல்லொழுக்கம்: உணவில் தவம்

புறத்தவம் ஆறனுள் இரண்டு, இதயநோயாளிக்கென்றே வகுத்தவை போல உள்ளன. ஒன்று அவமோதரியம், வயிறு நிறையுமுன் கையை எடுத்துக்கொள்ளுதல். மற்றொன்று இரசபரித்தியாகம், பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகிய சுவைப்பொருள்களுள் ஒன்றையோ பலவற்றையோ துறத்தல். நாவை வெல்வதற்காக ஏற்பட்டது இத்தவம். எனினும் நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகிய நான்கையும் குறைக்கும்படியே இன்றைய மருத்துவரும் கூறுகிறார். முன்னோர் நாள்தோறும் ஒரு சுவையை விட்ட வழக்கத்தைப் பழைய சடங்கு என்று கைவிட்ட இல்லங்கள், அதனை மீண்டும் மேற்கொண்டால் இருவகைப் பயனும் கிட்டும்.

உப்பு ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் அறிவுரை. அஃதாவது எல்லா உணவிலும் சேர்ந்து ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய் ஆகியவற்றிலேயே இதில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். எண்ணெயை ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்ற கணக்கில் வாங்கி, அதற்குள் சமைக்கப் பழகலாம். பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சக் கூடாது. வனஸ்பதி முதலியவற்றில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு இதயத்திற்குக் கேடு மிகச் செய்வது. உணவுக் கொழுப்புகளில் அதன் அளவு 2 விழுக்காட்டை மீறக் கூடாது என்னும் விதி இந்தியாவில் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. கடைப் பலகாரத்தைக் குறைப்பதே இதற்கு எளிய வழி.

விடுவதைப் போலவே சேர்ப்பதும் வேண்டும். கிழங்கு உண்ணாத இல்லத்தார்க்குக் காய்களில் குறைவில்லை. இப்பள்ளத்தாக்கிலேயே வாழை, முருங்கை, அவரை, புடலை, திராட்சை எல்லாம் விளைகின்றன. வாழைத்தண்டும் வாழைப்பூவும் நார்ச்சத்து மிக்கவை. ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரி நிலங்களின் கம்பும் சோளமும் வெள்ளரிசிக்கு மாற்றாகும். பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவை அன்றாடம் இடம்பெற வேண்டும். மீன் எண்ணெயில் உள்ள நற்கொழுப்புக்காக ஏங்க வேண்டியதில்லை. ஆளி விதையிலும் அக்ரூட் பருப்பிலும் அவ்வகைக் கொழுப்பு உண்டு. பி12 என்னும் உயிர்ச்சத்து புலால் உண்ணாதவர்க்குக் குறைய வாய்ப்பு உண்டு. அதனைப் பரிசோதித்து, தேவையெனில் மாத்திரையாகப் பெறலாம்.

சூரியன் மறையுமுன் உண்ணும் நெறி இரவில் வயிறு நிறைய உண்டு உடனே படுக்கும் வழக்கத்தைத் தடுக்கிறது. அதனுடன் நடையும் சேர வேண்டும். வாரத்திற்கு 150 நிமிடம், அஃதாவது ஐந்து நாள் அரை மணி நேரம், சற்று வேகமாக நடத்தல் போதுமானது. தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதைகளை அமைத்து நடப்போம் நலம் பெறுவோம் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. எட்டு கிலோமீட்டர் இயலாதவர் வீட்டிலிருந்து ஜினாலயம் வரை நடக்கலாம். காலையும் மாலையும் செய்யும் சாமாயிகம் மனத்தின் கொந்தளிப்பை அடக்கும். ஆனால் அது மாத்திரைக்கு மாற்று அன்று.

விரதமும் மாத்திரையும்

சமண இல்லங்களில் உண்மையான இடர் தோன்றும் இடம் இதுவே. தசலட்சணப் பருவத்தில் உண்ணாநோன்பு ஏற்பவர், நோன்போடு மாத்திரையையும் விட்டுவிடுகிறார். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த ஓராண்டுக்குள் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை நிறுத்தினால், அந்தக் குழாயே திடீரென அடைபட்டு உயிருக்கு ஊறு நேரலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் அழுத்தமும் நெஞ்சுவலியும் பொங்கி எழும். மறுபுறம், நீரும் அருந்தாமல் நோன்பிருந்துகொண்டு சிறுநீர் பெருக்கும் மாத்திரையை உண்டால் உடல் வறண்டு மயக்கம் வரும்; உணவின்றி நீரிழிவு மாத்திரை உண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். எனவே, தாமாக விடுவதும் தவறு. தாமாகத் தொடர்வதும் தவறு.

வழி உண்டு. நோன்புக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைக் கண்டு, எந்த மாத்திரை தொடர வேண்டும், எதன் அளவு மாற வேண்டும், நோன்பே ஏற்கலாகாதா என்பதைக் கேட்டறிய வேண்டும். பின்னர் ஆசாரியரிடம் நிலையைக் கூறி, நீரையும் மருந்தையும் விலக்காக வைத்து விரதம் ஏற்கலாம். இரவு உண்ணாதவர்க்கும் தடை இல்லை. அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரைகளை நாளின் எப்பொழுதிலும் உண்ணலாம் ஆதலால், மாலை உணவுடன் முடித்துவிடலாம். தீர்த்தங்கரத் தன்மைக்கு ஏதுவாகும் பதினாறு பாவனைகளுள், ஆற்றலுக்கேற்பத் துறத்தலும் ஆற்றலுக்கேற்பத் தவம் செய்தலும் இடம்பெறுகின்றன. ஆற்றலுக்கேற்ப என்னும் அச்சொல்லை மறந்து செய்யும் நோன்பு, நூல் வகுத்த நோன்பு அன்று.

மருந்தில் உயிர்ப்பொருள் கலந்திருக்குமோ என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. ஜெலட்டின் உறை விலங்கிலிருந்து பெறப்படுவது. ஆனால் இதயநோய்க்கு அன்றாடம் தரப்படும் மருந்துகள் பெரும்பாலும் உறையற்ற மாத்திரைகளாகவே கிடைக்கின்றன. மருத்துவமனையில் இடப்படும் ஹெப்பாரின் ஊசி பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. முற்றிலும் வேதிமுறையில் செய்யப்படும் ஃபோண்டாபாரினக்ஸ் என்னும் மருந்தும் உள்ளது. எந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய இயலும். ஐயம் உடையவர் உடல் நலமாக உள்ளபோதே இதனைப் பேசித் தெளிந்துகொள்ள வேண்டும். உயிர் ஊசலாடும் வேளையில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று தொடங்க வேண்டிய வாதம் அன்று அது.

இன்னொரு கருத்தும் தெளிய வேண்டும். "வயதாகிவிட்டது, இனி மருந்து எதற்கு, சல்லேகனை போல இருந்துவிடலாம்" என்று முதியோர் சிலர் கூறுவதுண்டு. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சல்லேகனைக்குரிய நிலைகளைக் கூறும்போது, பரிகாரம் இல்லாத நோய் முதலியவற்றையே குறிக்கிறார். அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பைப் பயின்றோர் இதனை அறிவர். ஒரு மாத்திரையால் கட்டுப்படும் இரத்த அழுத்தம் பரிகாரமில்லா நோய் அன்று. மருந்தைச் சோம்பலாலோ சலிப்பாலோ விடுவது தவமும் அன்று.

நாட்டு மருந்து உண்போர் அதனையும் இதய மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும். அதிமதுரத்தைத் தொடர்ந்து உண்டால் இரத்த அழுத்தம் உயரும். செயற்கை வால்வு பொருத்தி வார்ஃபரின் வகை மாத்திரை உண்போர், கீரையை ஒரு வாரம் மிகுதியாகவும் மறு வாரம் அறவே விட்டும் உண்ணாமல், ஒரே அளவாக உண்ண வேண்டும். நோய் இல்லாதவர் பிறரைப் பார்த்துத் தாமாகவே நாள்தோறும் ஆஸ்பிரின் உண்ணத் தொடங்குதல் கூடாது. குடலில் இரத்தக் கசிவு நேரலாம்.

அந்த ஒரு மணி நேரம்

நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமின்றிக் குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் வாயுக்கோளாறு என்று சோடாவும் ஓமநீரும் அருந்திக் காத்திருத்தல் கூடாது. அடைபட்ட குழாய்க்கு அப்பால் உள்ள இதயத் தசை நிமிடந்தோறும் அழிகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் பெறும் சிகிச்சையே மிகுதியான தசையைக் காக்கும். நோயாளியை அமர்த்தி அல்லது சாய்த்துப் படுக்கவைத்து, நடக்க விடாமல், 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். அவரே வண்டியோட்டிச் செல்லக் கூடாது.

2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகள் முதல் தவணையாகத் தரப்படுகின்றன. பின்னர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். தேனி மாவட்டத்தார்க்குக் கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. எந்த ஊரில் வாழ்வோரும் தம் வீட்டிற்கு அருகில் இதயச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்பதை இன்றே கேட்டு அறிந்திருக்க வேண்டும். நள்ளிரவில் நேர்ந்தால், இரவு உண்ணாமை நோன்பைக் காரணமாக்கி அந்த மாத்திரையை மறுக்கலாகாது. உயிர் இருந்தால்தான் நோன்பைத் தொடரவும் இயலும்.

இல்லந்தோறும் மூன்று செயல்கள்

இவ்விழா முடிந்து இல்லம் திரும்புவோர் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். குடும்பத்தில் முப்பது வயது கடந்த அனைவரின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இம்மாதத்திற்குள் பார்த்து ஒரு தாளில் எழுதுக. நோயுற்றவர் உண்ணும் மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதி அவருடைய பணப்பையில் வைக்குக. நாள்தோறும் ஒரு சுவையைத் துறக்கும் வழக்கத்தை இளையோரும் அறியும்படி இல்லத்தில் தொடங்குக. முதலில் உப்பிலிருந்தும் ஊறுகாயிலிருந்தும்.

மருந்து வாங்க இயலாத ஒருவருக்கு ஒரு மாத மாத்திரையை வாங்கித் தருவதும் ஔடத தானமே. மாத்திரை தீர்ந்து பத்து நாளாகியும் பிள்ளைகளிடம் கேட்கத் தயங்கி இருக்கும் முதியவர் எந்த ஊரிலும் உண்டு. அவரைக் கண்டறிந்து கேட்பதே அத்தானத்தின் முதற்படி.

நம்பிக்கை, அறிவு, ஒழுக்கம் மூன்றும் கூடிய வழியில் அனைவரும் நெடுநாள் நலமுடன் வாழ்ந்து அறம் வளர்ப்பாராக. அருகன் அருளால் எவ்வுயிரும் இன்புற்று வாழ்க.